சீனாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: ஊரோடு சேர்ந்து வாழ ஒரு வழிகாட்டி

படிப்புக்கோ வேலைக்கோ சீனாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு விசா, விடுதி, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே போய் ஒரு மாதம் ஆனபிறகு வரும் சிக்கலைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அறை, வகுப்பு அல்லது அலுவலகம், மறுபடியும் அறை என்று நாள் ஓடும். வெளியே ஊரே கைகால் வீசிக்கொண்டும் ஆடிக்கொண்டும் தேநீர் குடித்துக்கொண்டும் இருக்கும். நாம் கைப்பேசியோடு கட்டிலில் கிடப்போம். இப்படி மூன்று நான்கு வருடங்களைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அது பெரிய இழப்பு.

அங்குள்ளவர்களின் உடல்நலப் பழக்கங்களில் பெரும்பாலானவை தனியாகச் செய்பவை அல்ல. குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில், நாலு பேரோடு சேர்ந்து செய்பவை. ஆகவே எந்த நேரத்துக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சீன மொழி அப்புறம் மெல்ல வரும்.

கிளம்பும் முன்

முதலில் கடிகாரம். சீனா முழுவதும் ஒரே நேரம்தான். இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆனால் நாடு மிக அகலமானது. ஜூன் மாதம் பெய்ஜிங்கில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். மேற்கே உரும்ச்சியில் அலுவலகமும் சாப்பாடும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் தள்ளித்தான் நடக்கும். நீங்கள் போகும் ஊர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி பெரும்பாலான ஊர்களில் மதியச் சாப்பாடு பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்குள், இரவுச் சாப்பாடு ஆறு மணியை ஒட்டி. இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்பே நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்துங்கள். பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் ஒரு மணிக்கு மேல் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

கைப்பேசியில் வீசாட், அலிபே இரண்டையும் போட்டு, உங்கள் வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். வெளிநாட்டு அட்டைகளை இப்போது இணைக்க முடிகிறது. பணம் கட்டுவதற்கு மட்டும் இல்லை. பூங்கா ஆட்டக் குழு, பூப்பந்துக் குழு எல்லாமே வீசாட் குழுவில்தான் பேசிக்கொள்ளும்.

நாலைந்து சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காலையில் யாரைப் பார்த்தாலும் ‘ஸாவ்’. அம்மா வயதுப் பெண்களை ‘அயீ’, அப்பா வயது ஆண்களை ‘ஷூஷு’, வண்டி ஓட்டுநர், பழுது பார்ப்பவர் போன்றவர்களை ‘ஷிஃபு’ என்று கூப்பிடலாம். பெயர் தெரியாமலேயே மரியாதையாகப் பேச்சைத் தொடங்க இவை போதும்.

முதல் வாரம்: வெந்நீர்

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பது அங்கே வழக்கமில்லை. கொதிக்க வைத்த நீரைக் குடிக்கும் பழக்கம் பழையது. 1952இல் தொடங்கிய தேசபக்தி சுகாதார இயக்கம் அதை நாடெங்கும் பரப்பியது. தண்ணீரால் பரவும் நோய்களைத் தடுக்கும் எளிய வழி அது. இன்று நோய்ப் பயம் குறைந்துவிட்டது, பழக்கம் அப்படியே இருக்கிறது. தலைவலி, காய்ச்சல், மாதவிடாய் வலி, மனச்சோர்வு, எதைச் சொன்னாலும் ‘வெந்நீர் குடி’ என்பார்கள். அக்கறையோடு சொல்வதுதான், எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மறுநாளே கடையில் மூடி இறுக்கமான ஒரு வெந்நீர்க் குடுவை வாங்கிவிடுங்கள். விடுதி, அலுவலகம், ரயில் நிலையம், விமான நிலையம் என்று எங்கும் வெந்நீர்க் குழாய் இருக்கும். ரயில் பெட்டிகளிலும் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். கொதிநீரைக் குறிக்கும் ‘காய்ஷுவெய்’ (开水) என்று எழுதியிருக்கும் இரண்டு சீன எழுத்துகளை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வரும், கையை விலக்கிப் பிடியுங்கள். உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே சூடான நீரோ லேசான தேநீரோ வைப்பார்கள். குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

காலை உணவை அறையில் ரொட்டியோடு முடித்துவிடாதீர்கள். ஆறரையிலிருந்து எட்டரை வரை தெருமுனைக் கடைகளில் ஆவி பறக்கும்: சோயா பால், எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சி, ஆவியில் வெந்த பாவ்சி என்ற பூரண மாவு உருண்டை, அரிசிக் கஞ்சி, சிறுதானியக் கஞ்சி, தேயிலைச் சாற்றில் ஊறிய அவித்த முட்டை. ஒரே கடைக்குத் தொடர்ந்து போங்கள். சில நாளில் கடைக்கார அயீ உங்கள் முகத்தைப் பார்த்ததுமே எடுத்து வைத்துவிடுவார். ஊரில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் அறிமுகம் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

பூங்காவில் எங்கே நிற்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்: வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பூங்காவுக்குக் காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் போங்கள்.

இவ்வளவு பெரியவர்கள் ஒரே இடத்தில் கூடுவதற்குக் காரணம் உண்டு. பல பத்தாண்டுகளாக ஆண்கள் 60 வயதிலும் பெண்கள் வேலையைப் பொறுத்து 50 அல்லது 55 வயதிலும் ஓய்வு பெற்று வந்தார்கள். 2025 ஜனவரியிலிருந்துதான் அந்த வயது படிப்படியாக உயர்த்தப்படுகிறது. ஆகவே தெம்போடு இருக்கும்போதே ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகப் பூங்காவுக்கு வருகிறவர்களும் உண்டு. எட்டு மணிக்கு மேல் வரும் கூட்டத்தில் அவர்கள் அதிகம்.

முதல் நாள் ஒரு சுற்று நடந்து பார்த்தால் போதும். ஒரு மூலையில் மெதுவான அசைவுகளால் ஆன தாய்ஜி பயிற்சி, இன்னொரு மூலையில் வாள் பயிற்சி. வட்டமாக நின்று இறகுப்பந்தைக் காலால் தட்டி ஒருவருக்கொருவர் அனுப்பும் ஜியென்சி ஆட்டம். சாட்டையால் அடித்துப் பெரிய பம்பரத்தைச் சுழல விடும் தாத்தாக்கள். நீளக் கம்பில் பஞ்சுத் தூரிகை கட்டி, தண்ணீரில் தோய்த்துத் தரைக்கல்லில் எழுத்து எழுதுகிறவர்கள். முதல் வரி காய்வதற்குள் அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். பின்னோக்கி நடப்பவர்கள், மரத்தில் முதுகைத் தட்டுகிறவர்கள், கூண்டுப் பறவையைக் கிளையில் மாட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்கள், குழுவாகப் பாடுகிறவர்கள். பெய்ஜிங்கில் இருந்தால் சொர்க்கக் கோயில் பூங்காவில் இவை அத்தனையையும் ஒரே காலையில் பார்க்கலாம். 1420இல் கட்டி முடித்த கோயிலின் நீள நடைமண்டபத்தில் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அங்கே நுழைவுச்சீட்டு உண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதிப் பூங்காக்கள் பெரும்பாலும் இலவசம்.

இரண்டாம் நாள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வேகத்துக்கு ஏற்றதா, நேரம் ஒத்துவருமா, பார்த்தால் மனசுக்குப் பிடிக்கிறதா, அவ்வளவு பார்த்தால் போதும். குழுவின் தலைவர் யார் என்று கவனியுங்கள். ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அல்லது முன்வரிசையில் நடுவில் நிற்பவர். அவரிடம் ‘ஸாவ்’ சொல்லி, கடைசி வரிசையைக் கையால் காட்டி ‘கெயீ மா?’ என்று கேளுங்கள், ‘சேரலாமா?’ என்று அர்த்தம். தலையாட்டி வரவேற்பார்கள். கடைசி வரிசையின் நடுவில் நின்றால் இடமோ வலமோ திரும்பும்போதும் யாராவது ஒருவர் கண்ணுக்கு முன்னால் இருப்பார்.

மூன்றாம் நாள், நான்காம் நாள், அதே நேரம், அதே இடம். திறமையை யாரும் பார்க்கப்போவதில்லை. மறுபடி வருகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு வாரம் தொடர்ந்து போனால் யாராவது ஒரு அயீ உங்கள் முழங்கையைப் பிடித்துத் திருத்துவார். அதிலிருந்து நீங்கள் அந்தக் குழுவில் ஒருவர்.

சில ஒழுங்குகள். ஒவ்வொரு குழுவுக்கும் நிரந்தர இடம் உண்டு, அதில் குறுக்கே நடக்காதீர்கள். முகம் தெரியும்படி வீடியோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். சில குழுக்களில் ஒலிபெருக்கிச் செலவுக்குச் சிறு தொகை வாங்குவார்கள், நீங்களாகவே விசாரித்துக் கொடுத்துவிடுங்கள். வயசு என்ன, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சா என்ற கேள்விகள் முதல் வாரத்திலேயே வரும். நம் ஊரில் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பது மாதிரிதான். விருப்பமில்லாததற்குச் சிரித்துவிட்டு நகரலாம்.

வட சீனாவில் குளிர்காலத்தில் காற்று மாசு அதிகமாகும் நாட்கள் உண்டு. கிளம்பும் முன் காற்றுத்தர எண்ணைக் கைப்பேசியில் பாருங்கள். மோசமாக இருந்தால் அன்று அறைக்குள்ளேயே செய்யுங்கள்.

அறைக்குள் செய்ய எட்டு அசைவுகள்

தாய்ஜி அழகானது, ஆனால் பொறுமை கேட்கும். 1956இல் அரசு விளையாட்டு ஆணையம் யாங் மரபிலிருந்து எளிமைப்படுத்திய 24 அசைவு வடிவம்தான் பூங்காக்களில் அதிகம் தென்படும். அதைச் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். ஒழுங்காகக் கற்க மாதங்கள் ஆகும். அதனால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாதுவான்ஜின். எட்டே அசைவுகள், மொத்தம் பன்னிரண்டு நிமிடத்தை ஒட்டி, ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். சுங் அரச மரபுக் கால நூல்களிலேயே இதன் பெயர் வருகிறது. இன்று பரவலாக உள்ள வடிவத்தை நாட்டின் விளையாட்டுத் துறை 2003இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது.

வரிசை இதுதான். இரு கைகளையும் கோத்து வானத்தைத் தாங்குவது போல் மேலே தள்ளுவது. குதிரைமேல் உட்கார்வது போல் கால்களை அகட்டித் தாழ்ந்து, இரு பக்கமும் வில்லை இழுப்பது. ஒரு கையை மேலே, மறு கையைக் கீழே அழுத்துவது. தோளைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்ப்பது. தாழ்ந்த நிலையில் தலையையும் இடுப்பையும் எதிரெதிராக ஆட்டுவது. கைகளை முதுகு வழியாகத் தடவி இறக்கிப் பாதத்தைத் தொடுவது. கை முஷ்டியை இறுக்கி, கண்ணை விரித்துப் பார்த்தபடி மெதுவாகக் குத்துவது. கடைசியாகக் குதிகாலை உயர்த்தி லேசாக இறக்குவது, ஏழு முறை.

மூச்சை அடக்காதீர்கள், அசைவோடு போகவிடுங்கள். முழங்கால் வலி இருந்தால் இரண்டாவது, ஐந்தாவது அசைவுகளில் அதிகம் தாழ வேண்டாம். முதுகு வலி உள்ளவர்கள் ஆறாவதில் முழங்கால் வரை குனிந்தால் போதும். முதல் இரண்டு வாரம் பூங்காவில் யாராவது செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். எட்டையும் வரிசையாக நினைவில் நிறுத்தியபின் அறையில் தொடரலாம். பரீட்சைக் காலத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடச் சுலபமான ஒன்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேசையில்

அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள். உணவு தட்டுத் தட்டாக நடுவில் வரும், எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பொது எடுப்புக்குத் தனி உணவுக்குச்சி வைத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைக்கக் கூடாது; இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவது போல் தோன்றும். பெரியவர் முதலில் எடுக்கட்டும். பணம் கட்டும்போது ‘நான்தான், நான்தான்’ என்று ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். அழைத்தவர்தான் கடைசியில் கட்டுவார். அடுத்த முறை நீங்கள் அழைத்துக் கட்டிவிடுங்கள்.

இந்த மேசையில் எனக்கு மிகவும் பிடித்தது கீரை. எந்தச் சாப்பாட்டிலும் ஒரு தட்டுப் பச்சைக்கீரை, பெரிய தீயில் பூண்டோடு சட்டென்று வதக்கி வரும். தெற்கே அதோடு ஒரு கிண்ணம் தெளிந்த சூப்பும் இருக்கும். இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் உடம்பு உங்களுக்கு நன்றி சொல்லும்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது தனியாக உண்டு. ‘வோ ச்சி சூ’ என்றால் ‘நான் சைவம் சாப்பிடுகிறேன்’. ஆனால் அங்கே பல சமையல்காரர்களுக்கு இறைச்சித் துணுக்கு ஒரு மசாலா மாதிரி. காரசாரமான மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி சேர்ப்பது வழக்கம். வறுத்த பீன்ஸிலும் பன்றிக்கறித் தூள் இருக்கும். சூப்பும் எலும்புச்சாறாக இருக்கலாம். ஆகவே உணவின் பெயரைச் சொல்லி, கறித் துணுக்கு வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். புளிப்பும் காரமுமான உருளைக்கிழங்கு நூல், கத்தரிக்காய் உருளை மிளகாய் சேர்ந்த தி-சான்-சியென், முட்டை சாப்பிடுகிறவர்களுக்குத் தக்காளி முட்டை, இவை பெரும்பாலான ஊர்களில் கிடைக்கும். பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் எந்தச் சந்தேகமும் வேண்டாம்; அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்.

நீங்களே சமைப்பதாக இருந்தால் காலையில் காய்கறிச் சந்தைக்குப் போங்கள். விலைப்பலகையில் எழுதியிருப்பது கிலோவுக்கு இல்லை, ஜின்னுக்கு. ஒரு ஜின் என்றால் அரைக் கிலோ. வள்ளைக்கீரை, சர்க்கரைவள்ளி இலை, பட்டாணித் தளிர் எல்லாம் பசுமையாக வந்திறங்கும்.

உடம்புக்குச் சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு அங்கேயும் அன்றாடப் பேச்சில் உண்டு. லிச்சி, பொரித்தவை, ஆட்டுக்கறி சூடு. பாசிப்பயறு சூப், தர்ப்பூசணி, சாமந்திப்பூத் தேநீர் குளிர்ச்சி. நண்டு குளிர்ச்சி என்பதால் இஞ்சியோடு சாப்பிடுவார்கள். குவாங்டொங் மாகாணத்தில் தெருவுக்குத் தெரு கசப்பு மூலிகைத் தேநீர்க் கடை இருக்கும். தொண்டை கரகரத்தால் நேரே அங்கே போவார்கள். வேலை செய்யும் இடத்தில் பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. ஆனால் மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

மதியத் தூக்கம்

பள்ளி, பல்கலைக்கழகம், பல அலுவலகங்கள் எல்லாவற்றிலும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்ன உறக்கம். மேசையடியில் மடக்குக் கட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. மற்றவர்கள் கழுத்துத் தலையணையோடு மேசையில் சாய்வார்கள். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை யாருக்கும் போன் செய்யாதீர்கள், விடுதியில் சத்தம் போடாதீர்கள். நீங்களும் இருபது முப்பது நிமிடம் கண்ணை மூடுங்கள். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது என்பதற்காகச் சிலர் முதலில் ஒரு சுற்று நடப்பார்கள். ‘சாப்பாட்டுக்குப் பின் நூறு அடி நடந்தால் தொண்ணூற்றொன்பது வரை வாழலாம்’ என்று பழமொழியே இருக்கிறது.

இருட்டிய பிறகு

ஏழு மணிக்குச் சதுக்கம், பேரங்காடி வாசல், ஆற்றங்கரை, எங்கே தட்டையான தரை இருக்கிறதோ அங்கே ஒலிபெருக்கி வந்துவிடும். ஐம்பது அறுபது வயதுப் பெண்கள் வரிசை வரிசையாக ஆடுவார்கள். இதுதான் குவாங்சாங்வு, சதுக்க நடனம். இளைஞர்கள் தள்ளி நிற்பார்கள், நீங்கள் தயங்காமல் பின்வரிசைக்குப் போங்கள். ஒரு பாட்டுக்கு எட்டுப் பத்து அசைவுதான் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது பாட்டுக்குள் கால் பழகிவிடும். சத்தம் பற்றிப் பக்கத்துக் குடியிருப்புகளோடு சண்டை வந்ததால் இப்போது பல ஊர்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த இரைச்சல் தடுப்புச் சட்டமும் இதைத் தொடுகிறது. ஜூன் 7, 8 தேதிகளை ஒட்டி நாடு தழுவிய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடக்கும் நாட்களில் குழுக்கள் பல ஒலியைக் குறைத்துக்கொள்ளும் அல்லது ஆட்டத்தையே நிறுத்திவிடும்.

ஆட்டம் வேண்டாம் என்றால் குடியிருப்பு வளாகத்திலேயே இடுப்பைத் திருப்பும் தட்டு, காலை வீசும் ஊஞ்சல், கம்பிகள் என்று உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கும். விளையாட்டு லாட்டரி வருமானத்தில் அரசு நிறுவியவை நிறைய, யாரும் பயன்படுத்தலாம். பல இடங்களில் சிமெண்டு மேசைப்பந்து மேசையும் இருக்கும். மட்டையோடு போய் நின்றால் ஆட ஆள் கிடைக்கும், பெரும்பாலும் உங்களைத் தோற்கடிக்கும் ஒரு தாத்தா. ஆகஸ்ட் 8 தேசிய உடற்தகுதி நாள். பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கிய தேதியை நினைத்து 2009 முதல் கொண்டாடுகிறார்கள். அன்று பல பொது விளையாட்டு அரங்குகளில் கட்டணம் இல்லை.

குளிர்காலத்தில் இரவு படுக்கும் முன் வெந்நீரில் பாதத்தை ஊறவைப்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். சின்லிங் மலை, ஹுவாய் ஆறு இந்தக் கோட்டுக்கு வடக்கே நகரங்களில் பொது வெப்பமூட்டல் உண்டு. பெய்ஜிங்கில் நவம்பர் 15இலிருந்து மார்ச் 15 வரை. தெற்கே பெரும்பாலான ஊர்களில் அது கிடையாது. வெளியே ஐந்து டிகிரி என்றால் அறைக்குள்ளும் எலும்பு குளிரும். ஆழமான ஒரு வாளி, 40 டிகிரியை ஒட்டிய நீர், இரண்டு துண்டு இஞ்சி, பதினைந்து நிமிடம். பிறகு நன்றாகத் துடைத்துக் காலுறை போட்டுப் படுத்தால் தூக்கம் அருமையாக வரும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும்.

உட்கார்ந்து பொழுதுபோக்க

தேநீருக்கு ஒரு முழு மதியத்தை ஒதுக்குங்கள். செங்டுவின் மக்கள் பூங்காவில் 1923இல் தொடங்கிய ஹெமிங் தேநீர்க்கூடம் இருக்கிறது. மூங்கில் நாற்காலி, மூடியோடு கூடிய காய்வான் கிண்ணம். ஒரு கிண்ணத் தேயிலைக்குப் பணம் கொடுத்தால் வெந்நீர் ஊற்றி ஊற்றி மாலை வரை உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். மூடியைச் சாய்த்துத் திறந்து வைத்தால் நீர் ஊற்ற வருவார்கள். பால், சர்க்கரை கேட்காதீர்கள். ஹாங்சோவின் லொங்ஜிங் பச்சைத் தேயிலை, ஃபூஜியானின் தியேகுவான்யின், யுன்னானின் புவர், ஒவ்வொன்றாகக் குடித்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் பச்சைத் தேநீர் சிலருக்குக் குமட்டும். குவாங்சோவில் யாராவது உங்கள் கிண்ணத்தில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டுங்கள், நன்றி என்று புரிந்துகொள்வார்கள்.

பக்கத்துக் கல்மேசையில் சியாங்ச்சி நடந்துகொண்டிருக்கும், சீனச் சதுரங்கம். நம் சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு ஒரே மாலையில் பிடிபடும். காய்கள் கட்டத்துக்குள் இல்லை, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் நிற்கும். பலகையின் நடுவில் ஓர் ஆறு. கி.மு. 206 முதல் 202 வரை சூ, ஹான் படைகள் மோதிய போரின் எல்லை என்று அதில் எழுதியிருக்கும். யானை அந்த ஆற்றைக் கடக்காது. இரண்டு தளபதிகளும் இடையில் காய் இல்லாமல் நேருக்கு நேர் நிற்கக் கூடாது. ஆடுகிறவர் இருவர், யோசனை சொல்கிறவர் பத்துப் பேர். முதல் சில நாள் பார்த்துக்கொண்டிருங்கள். ஆள் குறையும்போது அவர்களே உட்காரச் சொல்வார்கள். கட்டைகளை வைத்து ஆடும் மாஜொங் ஆட்டத்தில் பெரும்பாலும் சிறு பணம் வைத்து ஆடுவார்கள். பணமில்லாமல் நண்பர்கள் வீட்டில் கற்றுக்கொள்வதுதான் நல்லது.

பருவமும் திருநாளும்

சீன அன்றாடத்துக்குள் இன்னொரு நாட்காட்டி ஓடுகிறது. சூரியன் நகரும் ஒவ்வொரு 15 பாகைக்கும் ஒரு பெயர், ஆண்டுக்கு 24 பருவக்கூறுகள். 2016இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இது சேர்ந்தது. என்ன சாப்பிடுவது, எப்போது கெட்டி உடைக்கு மாறுவது என்ற பேச்செல்லாம் இதிலிருந்து வரும். இந்த நாட்காட்டியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் குளிர்காலச் சங்கிராந்தியன்று வடக்கே கொழுக்கட்டை போன்ற டம்ப்ளிங், தெற்கே பல இடங்களில் இனிப்பு உருண்டை. அன்று யார் வீட்டுக்காவது மாவு மடிக்கப் போக முடிந்தால் போங்கள். கையால் மடித்துக்கொண்டே பேசும்போது மொழி தானாக வரும்.

ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் நாளில் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து வணங்குவார்கள். அன்று யாருக்கும் ‘மகிழ்ச்சியான சிங்மிங்’ என்று வாழ்த்துச் சொல்லாதீர்கள். டிராகன் படகுத் திருநாளில் இலையில் கட்டிய பசையரிசிப் பொட்டலம் வரும். தெற்கே இறைச்சி வைத்தது அதிகம், பேரீச்சை அல்லது சிவப்புப் பயறு வைத்ததைச் சைவர்கள் கேட்டு வாங்கலாம். நிலவுத் திருநாளின் பழைய பாணி மூன்கேக்கில் பன்றிக்கொழுப்பு இருக்கக்கூடும், உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் மலையேறுவது மரபு. 2013 முதல் சட்டப்படி அதுவே முதியோர் நாளும்கூட. உங்கள் பூங்காக் குழுப் பெரியவர்களுக்கு அன்று ஒரு பை ஆரஞ்சு கொண்டுபோய்க் கொடுங்கள். அதே நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் லாபா திருநாள். ஹாங்சோவின் லிங்யின் கோயில் உட்படப் பல கோயில்களில் தானியமும் பருப்பும் சேர்ந்த கஞ்சி இலவசமாகக் கொடுப்பார்கள், முழுக்கச் சைவம்.

சீனப் புத்தாண்டான வசந்தத் திருநாளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் அரசு விடுமுறை. ரயில் சீட்டு 15 நாளுக்கு முன்பே திறக்கும், திறந்த சில நிமிடங்களில் தீர்ந்தும் போகும். அதை ஒட்டித் தெருவோரக் கடைகள் மூடிவிடும். அரிசி, பருப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் பழப்பெட்டியோ பால் பெட்டியோ எடுத்துப் போய் இரண்டு கையாலும் கொடுங்கள். அங்கே எல்லோரும் கொண்டுபோவது அதுதான். குழந்தைகள் இருந்தால் சிவப்பு உறையில் புது நோட்டு வையுங்கள், தொகையில் நான்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே அது அபசகுனம்.

எடுத்துக்கொள்ள வேண்டாதவை

எல்லாப் பழக்கமும் நல்லதில்லை. நாட்டில் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் புகைக்கிறார்கள். பெய்ஜிங்கில் 2015 ஜூனிலிருந்து பொதுக் கட்டடங்களுக்குள் தடை இருந்தாலும், சிறிய ஊர்களின் உணவகங்களில் பக்கத்து மேசைப் புகை உங்கள் தட்டுக்கு வரும். அன்பின் அடையாளமாக சிகரெட்டை நீட்டுவார்கள். கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் வற்புறுத்த மாட்டார்கள்.

மது அதைவிடக் கடினம். விருந்துகளில் ஊற்றும் பாய்ஜியு 50 சதவீதத்தை ஒட்டிய சாராயம், சின்னக் கிண்ணத்தில் ஒரே மடக்கில் குடிக்கச் சொல்வார்கள். பாதியில் மறுப்பது சங்கடம். ஆகவே உட்கார்ந்ததுமே, முதல் கிண்ணம் ஊற்றும் முன், குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். மதுவுக்குப் பதில் தேநீரால் மரியாதை செய்வது அங்கே ஏற்கெனவே உள்ள வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது எழுந்து நின்று, இரண்டு கையாலும் தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்து, அதன் விளிம்பைப் பெரியவர் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே வைத்து இடித்து, முழுவதும் குடித்துவிடுங்கள்.